ஆடும் பலகை: எதைத் தேர்ந்தெடுப்பது?

பெரம்பலூரிலோ அரியலூரிலோ பனிக்கட்டி மழையாய்ப் பொழிந்து தரையை மூடியதாக யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். சித்திரை வெயிலில் இங்கே வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசச் செய்வது சுண்ணாம்புக்கல்தான். இப்படிப்பட்ட ஊர்களில் இருந்துகொண்டு பனிச்சறுக்கைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

ஸ்நோபோர்டு என்பது ஒற்றைப் பலகை மீது இரு கால்களையும் பிணைத்துக்கொண்டு பனிச்சரிவில் வழுக்கி இறங்கும் விளையாட்டு. 1998இல் ஜப்பானின் நாகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முதலாக இது சேர்க்கப்பட்டது. நம் நாட்டில் காஷ்மீரின் குல்மார்க் இதற்குப் பெயர் பெற்ற இடம். 2020 மார்ச்சில் அங்கு நடந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளிலும் இது இடம்பெற்றது. ஆனால் குல்மார்க்கிலும் ஆண்டு முழுவதும் பனி இருப்பதில்லை. பனி உருகிவிட்ட மாதங்களில் வீரர்கள் பயிற்சியை விட்டுவிட முடியுமா? அப்போது அவர்களுக்குக் கைகொடுப்பதுதான் சமநிலைப் பலகை. அதன் மேல் ஏறி நின்றால் அது ஆடும். விழாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான்!

பனிச்சறுக்கு வீரர்கள் மட்டுமல்ல, கடல் அலைமீது சறுக்குபவர்களும் இதில் பழகுகிறார்கள். கணுக்கால் சுளுக்கியவர்களுக்கு இயன்முறை மருத்துவர்கள் இதில் பயிற்சி அளிக்கிறார்கள். ஆகவே உங்கள் பள்ளி மைதானத்தில் கபடியும் கைப்பந்தும் ஆடும் தோழர்களுக்கும் இது பயன்படும்.

கடையில் பல வடிவங்களில் பலகைகள் கிடைக்கின்றன. எதை வாங்குவது? விலையும் நிறமும் இதற்கு விடை சொல்லா. இரண்டே கேள்விகளைக் கேட்க வேண்டும். பலகை எந்தப் பக்கம் சாய்கிறது? எவ்வளவு விரைவாகச் சாய்கிறது? இவ்விரண்டுக்கும் விடை உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

தலையாட்டி பொம்மையும் நீங்களும்

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை அறியாதவர் யார்? அதன் அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருக்கும். எந்தப் பக்கம் தள்ளினாலும் எழுந்து நின்றுவிடும். ஏன்?

அடிப்பாகத்தின் வளைவு ஒரு கோளத்தின் பகுதி என்று கொள்ளுங்கள். அந்தக் கோளத்தின் மையத்தை வளைவு மையம் என்போம். பொம்மையின் ஈர்ப்பு மையம் இந்த வளைவு மையத்துக்குக் கீழே இருக்கிறது. பொம்மை சாயும்போது ஈர்ப்பு மையம் மேலே உயர்கிறது. எடை அதைக் கீழே இழுக்க, பொம்மை நிமிர்கிறது. இதுவே உறுதிச் சமநிலை. ஈர்ப்பு மையம் வளைவு மையத்துக்கு மேலே போய்விட்டால், சாயும்போது அது கீழே இறங்கும். பொருள் மேலும் சாய்ந்து விழும். இது உறுதியற்ற சமநிலை. இரு மையங்களும் ஒரே புள்ளியில் இருந்தால் பந்தைப் போல எந்த நிலையிலும் நிற்கும். இது நடுநிலைச் சமநிலை.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அடி நன்கு உருண்டிருக்கும் ஒரு கொட்டாங்கச்சியை மேசைமீது வைத்து, உள்ளே சிறிது களிமண்ணை அழுத்துங்கள். தட்டிவிட்டால் ஆடி ஆடி நிமிரும். இப்போது களிமண்ணில் ஒரு பென்சிலைச் செங்குத்தாகச் செருகி, அதன் உச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண் உருண்டை சேர்த்துக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் கொட்டாங்கச்சி நிமிர மறுத்துக் கவிழ்ந்துவிடும். ஈர்ப்பு மையம் வளைவு மையத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

சமநிலைப் பலகையின் மேல் நிற்கும் நீங்கள் இந்தக் கவிழும் கொட்டாங்கச்சி போன்றவரே! 160 செ.மீ. உயரமுள்ள மாணவருக்கு ஈர்ப்பு மையம் பாதத்திலிருந்து ஏறத்தாழ 90 செ.மீ. உயரத்தில், தொப்புளை ஒட்டி இருக்கும். பலகையின் அடிவளைவின் ஆரமோ 10 முதல் 30 செ.மீ. வரைதான். ஆகவே எந்தப் பலகையும் உங்களைத் தானாகத் தாங்கி நிறுத்தாது. நிறுத்துவது உங்கள் தசைகளும் நரம்புகளுமே.

எவ்வளவு விரைவாக?

ஒரு பென்சிலை விரல் நுனியில் செங்குத்தாக நிறுத்த முயலுங்கள், முடியாது. ஒரு நீளமான சிலம்பக் கம்பை உள்ளங்கையில் நிறுத்திப் பாருங்கள். சிறிது பழகினால் முடியும். நீளமான கம்பு மெதுவாகச் சாய்வதே காரணம். சாயும் நேரம் நீளத்தின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதாவது நீளம் 4 மடங்கானால் நேரம் 2 மடங்காகும்.

மனித உடல் விறைத்த கம்பு போலச் சாயத் தொடங்கினால், ஏறத்தாழ 1/3 விநாடிக்கு ஒருமுறை சாய்வு மூன்று மடங்காகிவிடும். கண்ணால் பார்த்து உணர்ந்து கையை அசைக்க நமக்கு ஏறத்தாழ 1/5 விநாடி தேவை. நேரம் போதுகிறது, ஆனால் மிச்சம் அதிகமில்லை. நல்ல வேளையாகக் கண்ணை மட்டும் நம்பி நாம் நிற்பதில்லை. உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை அறிவிக்கின்றன. கணுக்கால் தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள் கண்ணைவிட விரைவாகச் செய்தி அனுப்புகின்றன. சுவரின் அருகே ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். கணுக்கால் எப்படித் துடித்துத் துடித்து உங்களை நிறுத்துகிறது என்பது தெரியும். அந்தத் துடிப்பைப் பழக்குவதே பலகையின் வேலை.

இங்கிருந்து முதல் விதி கிடைக்கிறது. ஈர்ப்பு மையத்துக்கும் வளைவு மையத்துக்கும் இடையிலுள்ள தூரம் குறையக் குறைய, பலகை மெதுவாகச் சாயும். ஆகவே தொடங்குபவர்களுக்கு ஆரம் பெரிதாக, வளைவு தட்டையாக உள்ள பலகையே ஏற்றது. சிறிய அரைக்கோளத்தின் மேல் அமைந்த பலகை பார்க்க அழகாயிருக்கும். ஆனால் நொடியில் கவிழ்க்கும்.

எந்தப் பக்கம்?

பலகைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில் பலகையின் அடியில், சாய்வு நாற்காலியின் கால்போல வளைந்த இரு கட்டைகள் இருக்கும். இது ஒரே திசையில், முன்னும் பின்னுமாக மட்டுமே ஆடும். இரண்டாம் வகை வட்டப் பலகை. அடியில் அரைக்கோளம் இருப்பதால் எல்லாப் பக்கமும் சாயும். மூன்றாம் வகை உருளைப் பலகை. நீண்ட பலகை ஒன்று தனியான உருளை மேல் கிடக்கும். இது சாய்வதுடன் பக்கவாட்டில் ஓடவும் செய்யும். மூன்றிலும் கடினமானது இதுவே.

உருளைப் பலகையில் நிற்பவரைப் பார்த்தால் பனிச்சறுக்கு வீரர் போலவே தோன்றும். பலகையின் இரு முனைகளிலும் காலை அகட்டி வைத்து நிற்பார். ஆகவே பலர் பனிச்சறுக்குக்கு இதுவே சிறந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சற்று நின்று யோசியுங்கள்.

ஸ்நோபோர்டு ஏறத்தாழ 150 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ளது. வீரர் அதன் குறுக்கே பாதங்களை வைத்து, பக்கவாட்டில் திரும்பி நிற்கிறார். அவருடைய கால்விரல் பக்கம் ஒரு விளிம்பு, குதிகால் பக்கம் மற்றொரு விளிம்பு. திரும்புவதற்கும் நிற்பதற்கும் இவற்றில் ஒன்றைப் பனியில் அழுத்துகிறார். அதாவது, பலகை சாய வேண்டிய திசை விரலிலிருந்து குதிகாலுக்கு. உருளைப் பலகையோ இடக்காலிலிருந்து வலக்காலுக்குச் சாய்கிறது! உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்ற அது கற்பிக்கும், அதுவும் தேவைதான். ஆனால் விளிம்பைக் கட்டுப்படுத்தும் திறனை அது வளர்க்காது. அதற்கு முதல் வகைப் பலகையை விரல்–குதிகால் திசையில் ஆடும்படி வைத்து நிற்க வேண்டும்.

கபடி ஆட்டக்காரரின் தேவை வேறு. கால் சுளுக்கும்போது பெரும்பாலும் பாதம் உட்புறமாக மடங்கி, கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார் இழுபடுகிறது. எனவே அவருக்கு இடவலமாக ஆடும் பலகையோ வட்டப் பலகையோ வேண்டும். நெதர்லாந்தின் கைப்பந்து ஆட்டக்காரர்களிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முன்பே சுளுக்கியவர்கள் இப்பலகையில் பயின்றபோது மீண்டும் சுளுக்குவது குறைந்தது. அதே ஆய்வில், முன்பே முழங்கால் காயம் இருந்தவர்களுக்கு முழங்கால் தொல்லை கூடியதும் தெரிந்தது. முழங்கால் வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பலகையில் ஏறக்கூடாது.

நாமே செய்யலாம்

இரண்டு தேவைகளுக்கும் ஒரே பலகை போதும். நீங்கள் கால் வட்டம் திரும்பி நின்றால், பலகை சாயும் திசையும் உங்களைப் பொறுத்து மாறிவிடுகிறதல்லவா? இதை உங்கள் ஊர்த் தச்சரே செய்து தருவார்.

18 மி.மீ. தடிமனுள்ள பிளைவுட்டில் 60 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள பலகை ஒன்று. நல்ல மரத்தில் வளைகட்டைகள் இரண்டு. ஓர் ஆணியிலும் நூலிலும் 30 செ.மீ. ஆரமுள்ள வில் வரைந்து, நடுவில் 6 செ.மீ. உயரம் வரும்படி நேர்கோட்டில் வெட்டினால் கட்டையின் நீளம் சரியாக 36 செ.மீ. வரும். பிதாகரஸ் தேற்றத்தால் நீங்களே சரிபார்க்கலாம்: 30 இன் வர்க்கத்திலிருந்து 24 இன் வர்க்கத்தைக் கழித்தால் 18 இன் வர்க்கம். இரு கட்டைகளையும் 45 செ.மீ. பக்கத்துக்கு இணையாக, பலகையின் இரு முனைகளுக்கு அருகே திருகாணியால் பொருத்த வேண்டும். மேலே வழுக்காத ரப்பர் விரிப்பை ஒட்டிவிடுங்கள்.

இந்த அளவில் பலகை ஏறத்தாழ 19 பாகை சாய்ந்ததும் அதன் விளிம்பு தரையில் முட்டி நிற்கும். அதற்கு மேல் சாயாது. அகலத்தை 40 செ.மீ. ஆகக் குறைத்தால் ஏறத்தாழ 24 பாகை வரை சாயும். ஆகவே அகலம் கூடுவது பாதுகாப்பு.

முதல் வாரம் சுவரையோ நண்பர் கையையோ பிடித்துக்கொண்டு நில்லுங்கள். முழங்காலைச் சற்று மடக்கி, பார்வையைத் தூரத்தில் வையுங்கள். வழுக்கும் தரையும், அருகில் மேசை முனையும் கூடாது. கை விட்டு ஒரு நிமிடம் நிற்க முடிந்த பிறகு ஒரு பந்தைப் பிடித்து எறியலாம். உருளைப் பலகையின் பக்கம் அதற்கு முன் போக வேண்டாம். பிளாஸ்டிக் குழாயை உருளையாக்க விரும்பும் பெரியவர்கள், உள்ளே நம் அரியலூர் சிமெண்டையும் மணலையும் கலந்து நிரப்பி, ஒரு வாரம் ஈரம் காயாமல் இறுக விடுவது நல்லது. வெறும் குழாய் எடை தாங்காமல் பிளக்கக்கூடும்.

பலகை கற்றுத் தராதது

பலகையில் தேறியவர் பனியிலும் தேறிவிடுவாரா? இல்லை. வளைவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் உட்புறமாகச் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். பனிச்சறுக்கு வீரரும் அப்படியே சாய்கிறார். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பினால், சாய்வுக் கோணத்தின் டான்ஜன்ட் 0.5, கோணம் ஏறத்தாழ 27 பாகை. மையநோக்கு விசை இருப்பதால் அந்தச் சாய்விலும் அவர் விழுவதில்லை. ஓரிடத்தில் நிற்கும் பலகையில் உடலை 27 பாகை சாய்த்துப் பாருங்கள், தரைதான் வரவேற்கும்! கணுக்காலையும் முழங்காலையும் பலகை பழக்கும். வேகத்தைப் பழக்குவது பனிதான்.

சிந்தித்துப் பாருங்கள்

1. மேலே சொன்ன பலகையில் மல்லாந்து படுத்தால் அது கவிழ்க்குமா, தலையாட்டி பொம்மைபோல நிமிர்த்துமா?

2. ஒரே உயரமும் ஒரே உடலமைப்பும், ஆனால் 40 கிலோவும் 50 கிலோவும் எடையுள்ள இருவர் பலகையில் நின்றால், யார் விரைவாகச் சாய்வார்?

3. கழைக்கூத்தாடி கயிற்றின் மேல் நடக்கும்போது நீண்ட கழியைக் குறுக்காக ஏந்துவது ஏன்? பலகையில் ஏறிய உடனே நாம் கைகளை விரிப்பதும் அதற்காகத்தானா?

விடைகளை உங்கள் அறிவியல் ஆசிரியருடன் விவாதியுங்கள். முடிந்தால் பலகையைச் செய்து, ஏறி நின்றே விவாதியுங்கள்!