காலை ஆட்டிக்கொண்டே கவனிக்கும் பிள்ளை

கரும்பலகை ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டு வகுப்பு லீடர் எழுதும் பட்டியலில் தினமும் இடம்பிடிக்கும் இரண்டு மூன்று பெயர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. இருந்த இடத்தில் இருக்காத பிள்ளைகள். அந்தப் பட்டியலில் ஒருநாளும் வராத சிலரும் அதே வகுப்பில் இருக்கிறார்கள். நம் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பென்சிலைக் கடித்தபடி, முன்னால் இருப்பவன் முதுகுக்குப் பின்னால் ஒளிபவர்கள். முன்னவர்களைத் திட்டுகிறோம். பின்னவர்களை ‘அமைதியான பிள்ளை’ என்று விட்டுவிடுகிறோம். பாடம் இருவருக்குமே போய்ச் சேரவில்லை.

அந்தந்த நொடியில் மனதில் வைத்துப் புழங்கும் நினைவைச் செயல்நினைவு என்கிறார்கள். அது மிகச் சின்ன சிலேட்டு. பெரியவர்களுக்கே நான்கைந்து விஷயங்களுக்கு மேல் அதில் நிற்காது. சிறு பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. “கணக்கு நோட்டை எடு, தேதி போடு, 42ஆம் பக்கம், மூணாவது கணக்கு, மார்ஜின் விட்டு எழுது” என்று ஒரே மூச்சில் சொன்னால் அது நிரம்பிவிடும். ‘தப்பாச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க’ என்ற பயமும் அதே சிலேட்டில்தான் இடம் கேட்கிறது. அப்புறம் பின்னக் கணக்குக்கு இடம் ஏது?

அதனால்தான் ‘கவனி, கவனி’ என்ற அதட்டல் உதவுவதில்லை. யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1908இல் எலிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். எளிய வேலையை வலுவான மின்அதிர்ச்சிக்கு அஞ்சியும் எலிகள் கற்றன. வேலை கடினமானபோது அதே அதிர்ச்சி கற்றலைக் கெடுத்தது. எலிக்கும் பிள்ளைக்கும் நேராக முடிச்சுப் போடக்கூடாதுதான். ஆனாலும் அதட்டி வாய்ப்பாட்டை ஒப்பிக்க வைக்கலாம், பின்னத்தைப் புரியவைக்க முடியாது என்பது ஆசிரியர்கள் அறியாததல்ல.

ஆகவே முதல் வேலை சிலேட்டைக் காலி செய்வது. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை; அது முடிந்ததும் அடுத்தது. இன்றைய பீரியடில் என்னென்ன நடக்கும் என்று பலகை மூலையில் நான்கு வரி எழுதிவிட்டால், ‘அடுத்து என்ன வருமோ’ என்ற பதற்றம் பாதி குறையும். விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது மதிப்பெண்ணைச் சத்தமாக வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி கேட்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்புகளைக் கவனித்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி மௌனம் ஆசிரியருக்கு ஒரு யுகமாகத் தோன்றும், பழகத்தான் வேண்டும். அதிகம் பயப்படும் பிள்ளையின் பக்கத்தில் போய், “அடுத்த கேள்வி உன்கிட்டதான், யோசிச்சு வைம்மா” என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது இன்னும் நல்லது.

இனி காலை ஆட்டும் பிள்ளை. கவனக்குறைவு மிகைச்செயல்பாடு எனப்படும் ஏ.டி.எச்.டி. உள்ள 8 முதல் 12 வயதுச் சிறுவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. அந்தச் சிறுவர்கள் அதிகம் அசைந்தபோது செயல்நினைவுச் சோதனையை நன்றாகச் செய்தார்கள். மற்ற சிறுவர்களுக்கோ அசைவு கூடியபோது திறன் குறைந்தது. அசைவு எல்லோருக்கும் மருந்தல்ல, சிலருக்கு ஊன்றுகோல். அவர்களுக்கு நோட்டுகளை விநியோகிப்பது, பலகையைத் துடைப்பது, ஆபீஸ் ரூமிலிருந்து சாக்பீஸ் வாங்கிவருவது போன்ற வேலைகளைக் கொடுக்கலாம். கையில் சுழலும் ஸ்பின்னர் பொம்மை வேண்டாம், கண்ணும் அதனோடு போய்விடும்.

தமிழ்நாட்டில் 2007 வாக்கில் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலைக் குறைசொன்னவர்கள் நிறைய. ஆனால் அந்த வகுப்பில் பிள்ளை தானே எழுந்துபோய் பாட அட்டையை எடுத்துவந்து பாயில் உட்கார்ந்தது. எழுந்து நடப்பது குற்றமல்ல என்பதை அந்த முறை சரியாகப் பிடித்திருந்தது. தேர்வு நெருங்கியதும் பி.இ.டி. பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் நேர் எதிரானது. ஓடியாட வேண்டிய நேரத்தைப் பறித்துவிட்டு, அடுத்த பீரியடில் நெளிகிறானே என்று கோபிக்கிறோம்.

இருக்கையை ‘ப’ வடிவில் போடுவது பற்றி 2025இல் இங்கே பெரிய விவாதம் நடந்தது. கலந்து பேசும் பாடத்துக்கு அது நல்லதுதான். தனியாக எழுதும் வேலைக்கு வரிசையே மேல், குறிப்பாக எளிதில் கவனம் சிதறும் பிள்ளைகளுக்கு. ஒரே அமைப்பை வருடம் முழுக்கக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. சுவர் நிறைய சார்ட் ஒட்டுவதிலும் அளவு வேண்டும்: 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில், அலங்காரம் மிகுந்த அறையில் மழலையர் பாடத்தை விட்டுச் சுவரைப் பார்த்தார்கள்.

சில காரணங்கள் மனதிலேயே இல்லை. காலையில் சாப்பிடாத பிள்ளை, இரவு தூங்காத பிள்ளை, பலகை எழுத்து மங்கலாகத் தெரிவதால் பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கும் பிள்ளை. கண் பரிசோதனையை முதலில் முடித்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தும் மாற்றம் இல்லையென்றால்? ஏ.டி.எச்.டி. என்று பெயர் சூட்டுவது ஆசிரியர் வேலையல்ல. அப்படிச் சொல்ல 12 வயதுக்கு முன்பே அறிகுறி தெரிந்திருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். மருத்துவர் அத்தனையையும் கேட்பார். ஆசிரியர் செய்யக்கூடியது குறிப்பெடுப்பது: எந்தப் பீரியடில், எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது. பெற்றோர் வரும்போது “உங்க பையன் அடங்கவே மாட்டேங்கிறான்” என்பதற்குப் பதில், “மத்தியானத்துக்கு மேல எழுத்து வேலைன்னா ரொம்பத் தவிக்கிறான், வீட்டுல எப்படிம்மா?” என்று கேட்டால் அம்மா வாய் திறப்பார். அடுத்து எங்கே போவது என்று அவர்கள் கேட்டால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைத் தரலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.