இரு வாக்கியங்களுக்கு நடுவே ஒரு சொல்

மைசூருக்குத் தென்கிழக்கே, மாதேசுவரன் மலைக்குப் போகும் வழிப்பக்கத்தில் உள்ள மார்டள்ளி என்னும் சிற்றூரை நம் வாசகர்களிற் பலர் அறிந்திருப்பர். தமிழ் பேசும் கத்தோலிக்கக் குடும்பங்கள் பெருந்தொகையாக வாழும் ஊர் அது. கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அன்று மைசூர் மாநிலத்துடன் இணைந்தது. 1997இல் சாமராசநகர் தனி மாவட்டமாயிற்று. இன்று அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலே தமிழ், வகுப்பிலே கன்னடம், தேர்வுத்தாளிலே ஆங்கிலமும் என்று மூன்று மொழிகள்.

அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில், பதினாறு வயதுப் பெண்ணொருத்தி ஆங்கிலப் பயிற்சி நூலுடன் அமர்ந்திருந்ததைக் கண்டோம். இரண்டு வாக்கியங்கள், நடுவே ஒரு கோடிட்ட இடம். கிணறு வற்றிவிட்டது என்பது முதல் வாக்கியம். அவர் இவ்வாண்டும் மஞ்சள் நட்டார் என்பது அடுத்தது. விடைகளாக ‘தேர்போர்’, ‘ஹௌவெவர்’, ‘சிமிலர்லி’, ‘கான்ஸிக்வென்ட்லி’ என நான்கு சொற்கள் தரப்பட்டிருந்தன. பெண் முதற்சொல்லைக் குறித்தாள். காரணம் கேட்டோம். “அடிக்கடி பார்த்த சொல் ஐயா, அதனால் போட்டேன்” என்றாள்.

நாம் அவள் பாட்டியிடம் அவ்விரு செய்திகளையும் சொல்லி, சேர்த்துச் சொல்லும்படி வேண்டினோம். பாட்டி தயங்கவில்லை. “கிணறு வத்திப்போச்சு, ஆனாலும் மனுசன் மஞ்சள் நட்டுட்டானே!” என்றார். பெண் சிரித்துவிட்டு, விடையை ‘ஹௌவெவர்’ என்று மாற்றிக்கொண்டாள்.

இத்தகைய வினாக்களில் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் சொல்லின் பொருள் தெரியாமையால் அன்று. ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியே புரிந்துகொண்டு, அவற்றின் உறவைக் கேளாமலே விடைகளுக்குப் பாய்ந்துவிடுகிறார்கள். ஆகவே விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, பின்வருவது முன்னதன் விளைவா, காரணமா, மாறானதா, கூடுதலா, எடுத்துக்காட்டா என்று வீட்டு மொழியில் முதலிற் சொல்லிப் பார்க்க வேண்டும். மேற்கண்ட வினாவில் மற்றொரு துப்பும் உண்டு. ‘தேர்போர்’, ‘கான்ஸிக்வென்ட்லி’ இரண்டும் ஒரே உறவைக் குறிப்பன. விடை ஒன்றே என்னும்போது, ஒன்று சரியானால் மற்றதும் சரியாகும். ஆதலின் இரண்டையும் நீக்கிவிடலாம்.

அமெரிக்கக் கல்லூரிகளை நாடுவோர் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்விலும் இவ்வகை வினா உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பாடத்திட்டமோ எனவே, ஏனெனில், ஆகையால், அதனால், அதுபோல என்னும் இணைப்புச் சொற்களையே பெயர் சொல்லிக் குறிக்கிறது. இவற்றுள் முதலிரண்டும் பலரை இடறச் செய்பவை. “சாலை வெள்ளத்தில் மூழ்கியது. எனவே பேருந்து வரவில்லை.” இங்கே காரணம் முன்னே நின்றது. “பேருந்து வரவில்லை. ஏனெனில் சாலை வெள்ளத்தில் மூழ்கியது.” இங்கே காரணம் பின்னே வந்தது. செய்தி ஒன்றே, வரிசை மாறியதும் சொல்லும் மாறிற்று.

கன்னடம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இதில் ஓர் ஆதாயம் இருப்பதைப் பெற்றோர் கவனிப்பதில்லை. கன்னடத்து ‘ஆதரெ’ நம் ‘ஆனால்’. ‘ஆதரூ’ நம் ‘ஆனாலும்’. ‘ஏகெந்தரெ’ நம் ‘ஏனென்றால்’. ‘ஆத்தரிந்த’ நம் ‘ஆதலால்’. பொருள் மட்டுமன்றிச் சொற்களின் கட்டும் ஒத்திருக்கிறது. பாட்டியின் ‘ஆனாலும்’ தெரிந்த பெண்ணுக்கு வகுப்பறையின் ‘ஆதரூ’ அயற்சொல் ஆகாது. வீட்டுத் தமிழைப் படிப்புக்கு இடையூறென்று ஒதுக்கும் தாய்தந்தையர் இதனை எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம்.

ஓரிடத்தில் மட்டும் வழி பிரிகிறது. கன்னடத்து ‘மத்து’வையும் ஆங்கிலத்து ‘அண்ட்’டையும் பார்த்து, “அவன் வந்தான் மற்றும் சாப்பிட்டான்” என்று எழுதும் பிள்ளைகள் பெருகிவிட்டனர். (பிள்ளைகளைச் சொல்வானேன், அச்சில் வருவனவற்றிலும் காண்கிறோம்.) “வந்து சாப்பிட்டான்” என வினையெச்சத்தாற் கோப்பதே தமிழ் வழக்கு. பெயர்களைச் சேர்க்க ‘உம்’ இருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஏழாம் இயலாகிய இடையியல், அந்த ஒரு சிறு ‘உம்’முக்கே எட்டுப் பொருள் வகுத்திருக்கிறது. பாட்டி சொன்ன ‘ஆனாலும்’ என்பதன் கடைசியில் நிற்பதும் அதுதான். அதை எடுத்துவிட்டால் ‘ஆனால்’ என்று மட்டுமே எஞ்சும், கிணறு வற்றியும் நட்டாரே என்னும் வியப்பு போய்விடும்.

இன்றிரவு உணவுக்குப்பின் வீட்டிலே கேட்டுப் பார்க்க ஒன்று தருகிறோம். “மாமா நேற்றே புறப்பட்டார். ______ இன்னும் ஊர் வந்து சேரவில்லை.” ‘ஆகையால்’, ‘ஆயினும்’, ‘அதுபோல’, ‘ஏனெனில்’ என்பன விடைகள். பிள்ளைகள் சொல்லட்டும், பெரியவர்கள் சற்றுப் பொறுத்திருக்க.