சரக்கோடு தாளையும் கேளுங்கள்

நான் போகும் ஹாட்வெயார் கடைகள் பலவற்றில் பிளீச்சிங் பவுடரும் கழிவறை அசிட்டும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன. இரண்டும் சிந்திக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய களஞ்சியத்தில் ஆளைக் கொன்றுவிடும்.

இதை அறியப் பெரிய படிப்பு வேண்டாம். சரக்குத் தருபவரிடம் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேளுங்கள், எஸ்.டி.எஸ். என்றால் அவருக்குப் புரியும். ஆய்வுகூடத்துக்குப் போவதும் அதே தாள்தான், 16 பிரிவுகள். நமக்கு முக்கியமானது 10ஆம் பிரிவு: எதனோடு எது சேரக்கூடாது என்பது அதில் உண்டு. 7இல் களஞ்சியப்படுத்தும் முறை, 4இல் முதலுதவி.

வர்த்தகப் பெயர் கம்பனிக்குக் கம்பனி மாறும், சீ.ஏ.எஸ். இலக்கம் மாறாது. பிளீச்சிங் பவுடரில் உள்ள கல்சியம் ஹைப்போகுளோரைட்டுக்கு அது 7778-54-3. தாள் தராதவரிடம், விலை குறைந்தாலும் நான் வாங்குவதில்லை.

யாராவது வாயுவைச் சுவாசித்துவிட்டால் முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். வைத்தியசாலைக்குப் போகும்போது தாளும் கூடப் போகட்டும்.