பாயில் உட்கார்ந்த தேவதூதர்கள்

‘வேதாகமப் படங்களில் எல்லாரும் வெள்ளைக்காரர்களாகவே இருக்கிறார்களே, நம் பக்கத்துச் சாயல் ஒன்றிலாவது உண்டா?’ என்று கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃபிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். உண்டு. டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் ஒரு படத்தில்.

அவர் இந்தியாவைப் பார்த்ததில்லை. ஆனால் 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் கோட்டை கட்டித் துணி வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. மிளகும் துணியும் போன கப்பல்களில் முகலாய ஓவியங்களும் ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தன. 1656 முதல் 1661 வரையிலான ஆண்டுகளில் ரெம்பிராண்ட் அவற்றில் இருபதுக்கு மேற்பட்டவற்றைப் பார்த்து வரைந்தார், அதுவும் ஜப்பான் காகிதத்தில். அப்படி அவர் வரைந்த, மரத்தடியில் நான்கு பெரியவர்கள் தரையில் உட்கார்ந்து பேசும் படம் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

எனக்குப் பிடித்த விசித்திரம் இனிமேல்தான். ஆபிரகாம் வீட்டுக்குத் தேவதூதர்கள் மூன்று விருந்தாளிகளாக வந்த வேதக் கதை தெரியும். ஐரோப்பிய ஓவியர்கள் பலர் அவர்களுக்கு மேசை போட்டார்கள். ரெம்பிராண்ட் 1656இல் செப்புத் தகட்டில் அமிலம் அரித்து அச்சிட்ட படத்திலோ மூவரும் தரையில், நடுவே தட்டோடு அமர்ந்திருக்கிறார்கள். ஆபிரகாம் ஜாடியோடு பணிந்து நிற்கிறார், கதவிடுக்கில் சாராள் ஒட்டுக்கேட்கிறாள். எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் உபதேசியார் வந்தால் அப்பா பாய் விரித்து உட்காரவைப்பது இப்படித்தான். அந்த உட்காரல் முகலாய ஓவியத்திலிருந்து வந்தது என்பது கலை வரலாற்றாசிரியர்கள் கருத்து.

இதெல்லாம் ஏன் காகிதத்தில்? 1566இல் கலகக்காரர்கள் கோயில் சிலைகளை உடைத்த நாடு ரெம்பிராண்டுடையது. கால்வினியச் சபை வழிபாட்டிடத்தில் படமே வைக்காது. ஆகவே வேதக் காட்சிகள் பீடத்தை விட்டு வீட்டுக்கும் சேகரிப்பாளர் பெட்டிக்கும் குடிபெயர்ந்தன. ஒரே தகட்டிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம், ஓரளவு வசதியுள்ளவர் வாங்கலாம். (ரெம்பிராண்டுக்கு அதனால் விடியவில்லை; அதே 1656இல் கடனில் மூழ்கினார், உடைமைகள் ஏலத்துக்குப் போயின.)

அந்த மரத்தடிப் படத்துக்காக அவர் பார்த்ததாகக் கருதப்படும் முகலாய ஓவியம் வியன்னாவின் ஷோன்பிரூன் அரண்மனையில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் மரியா தெரேசாவின் அறையை அழகுபடுத்த, அதுபோன்ற ஓவியங்களை வெட்டி ஒட்டுப்போட்டு, சுவரில் பதித்துவிட்டார்கள். அரசிக்கே அருமை தெரியவில்லை என்றால் நம்மைச் சொல்லி என்ன? இங்கே தங்கச் சுரங்கம் மூடிய 2001க்குப் பிறகு லைன்களைக் காலி செய்து போனவர்கள் சட்டம் போட்ட பழைய வேதப் படங்களைக் கரையான் அரித்ததென்று கொளுத்தினார்கள். இருப்பவர்களாவது, எறியும் முன் ஒரு புகைப்படம் எடுங்கள். யார் வீட்டுச் சுவரில் எந்த வருஷம் தொங்கியது என்பதையும் எழுதி வையுங்கள்.