எத்தனை உதைகள் கண்டபின் தீர்ப்பு?

2013-ஆம் ஆண்டு மே மாதம். இங்கிலாந்தின் இரண்டாம் நிலைக் கால்பந்துப் போட்டியில், முதல் நிலைக்கு உயர்வதற்கான தகுதிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. வாட்ஃபோர்டு கழகத்தை எதிர்த்து லெஸ்டர் சிட்டி கழகம் ஆடிய அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம் தொடங்கியபோது, லெஸ்டரின் முன்கள ஆட்டக்காரர் இருவர் களத்தில் இல்லை. மாற்று ஆட்டக்காரர்களுக்கான பெஞ்சில் அமர்ந்திருந்தனர். ஒருவர் டாட்டன்ஹாம் கழகத்திலிருந்து இரவலாக வந்திருந்த 19 வயது ஹாரி கேன். மற்றவர் 26 வயது ஜேமி வார்டி.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2015-16 பருவத்தில் இங்கிலாந்தின் முதல் நிலைப் போட்டியில் 25 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றவர் கேன். 24 கோல்கள் அடித்து, லெஸ்டர் முதன்முறையாக வாகை சூடக் காரணமாயிருந்தவர்களுள் ஒருவர் வார்டி.

இவ்விருவருமே சிறு வயதில் 'வேண்டாம்' என்று அனுப்பப்பட்டவர்கள் என்பது இன்னும் வியப்பானது. கேன் எட்டு வயதுச் சிறுவனாக ஓராண்டு இருந்தபின் ஆர்சனல் கழகம் அவரை விடுவித்தது. வார்டியை 16-ஆம் வயதில் ஷெஃபீல்டு வென்ஸ்டே கழகம் விடுவித்தது.

அப்படியானால், தான் வளர்த்த இளம் கோல் வீரரை ஒரு கழகம் எப்போது விடுவிக்கலாம்? இது விளையாட்டு ரசிகர்களின் வாக்குவாதம் மட்டுமன்று. அளவீடு பற்றிய ஓர் அறிவியல் கேள்வியுமாகும்.

ஊசல் தரும் பாடம்

ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலின் அலைவு நேரத்தை நீங்கள் அளந்திருப்பீர்கள். ஓர் அலைவை மட்டும் அளந்து விடையெழுதினால் ஆசிரியர் ஏற்கமாட்டார். 20 அலைவுகளுக்கான நேரத்தை அளந்து, 20-ஆல் வகுக்கச் சொல்வார். ஒற்றை அளவீட்டில் பிழையின் பங்கு மிகுதி என்பதே காரணம்.

கோல் கணக்கும் இத்தகையதே. உயர்நிலைப் போட்டிகளில், கோலை நோக்கி உதைக்கப்படும் உதைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் கோலாகிறது. எனவே, நூறு உதைகளுக்குச் சராசரியாக 10 கோல் அடிப்பவரைச் சாதாரண வீரர் என்றும், 15 கோல் அடிப்பவரைச் சிறந்த வீரர் என்றும் கொள்வோம். இருவருக்கும் 20 உதைகள் மட்டும் வாய்க்கின்றன. என்ன நிகழும்?

நிகழ்தகவுக் கணக்கு இதற்கு விடை தருகிறது. சிறந்த வீரர் ஒரு கோலோ, கோலே இல்லாமலோ திரும்பும் வாய்ப்பு நூற்றுக்கு 18. சாதாரண வீரர் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கோல்கள் அடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 13. ஆகவே, 20 உதைகளைப் பார்த்துத் தீர்ப்புக் கூறும் கழகம், தங்கத்தை வீசிவிட்டுப் பித்தளையைப் பூட்டி வைக்க நேரலாம்.

2009 ஏப்ரல் 5 அன்று மான்செஸ்டர் யுனைடெட் கழகத்திற்காக முதன்முதலில் களம் இறங்கிய 17 வயது ஃபெடெரிக்கோ மக்கேடா, ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் வெற்றிக் கோல் அடித்தார். அடுத்த ஆட்டத்திலும் ஒரு கோல். அரங்கமே அவரைக் கொண்டாடியது. ஆனால் அக்கழகத்தில் அவரால் நிலைபெற இயலவில்லை, 2014-இல் விலகினார். கேன் நமக்குச் சொல்வது ஒரு பாதி என்றால், மக்கேடா சொல்வது மறு பாதி.

வால்டு காட்டிய வழி

சரி, எத்தனை உதைகள் கண்டால் போதும்? இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்காவில் ஆபிரகாம் வால்டு என்னும் கணித அறிஞர் இத்தகைய சிக்கலை ஆராய்ந்தார். போர்த் தளவாடங்களைச் சோதிக்கும்போது எத்தனை சோதனைகளோடு நிறுத்தலாம் என்பது கேள்வி. சோதனை எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள் என்றார் அவர். ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் மூன்று விடைகள் உண்டு: ஏற்கலாம், தள்ளலாம், அல்லது இன்னும் பார்க்கலாம். (இவ்வறிஞர் 1950 டிசம்பரில் சொற்பொழிவுகளாற்ற இந்தியா வந்தபோது, நம் நீலகிரி மலையில் நேர்ந்த விமான விபத்தில் மனைவியுடன் உயிரிழந்தார்.)

அவர் முறையை நம் வீரர்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். கணக்கிட்டால் எளிய விதியொன்று கிடைக்கிறது. உதை கோலானால் 7 மதிப்பெண் கூட்டுக. தவறினால் 1 கழிக்க. கூட்டுத்தொகை +40-ஐ எட்டினால் 'சிறந்தவர்'. –40-ஐ எட்டினால் 'சாதாரணர்'. இடையில் இருக்கும்வரை 'இன்னும் பார்க்கலாம்'. இவ்விதியைப் பின்பற்றினால் தீர்ப்புத் தவறும் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கும் குறைவு.

சிறந்த வீரர் நூறு உதைகளில் 105 பெற்று 85 இழப்பார்; மிச்சம் +20. சாதாரண வீரர் 70 பெற்று 90 இழப்பார்; மிச்சம் –20. ஆகையால், எல்லையைத் தொடச் சராசரியாக 160 உதைகளாவது வேண்டும்.

முழு ஆட்டம் ஆடும் முன்கள வீரருக்கு ஓர் ஆட்டத்தில் இரண்டு அல்லது மூன்று உதைகள் வாய்க்கும். அதாவது ஏறத்தாழ 65 முழு ஆட்டங்கள்! கடைசி 15 நிமிடங்களுக்கு மட்டும் இறக்கிவிடப்படும் இளைஞருக்கோ, இதே அளவீடு முடிய ஏறத்தாழ 400 ஆட்டங்கள் ஆகும். பருவத்திற்கு 38 ஆட்டம் வீதம் பத்தாண்டுகள்! அதற்குள் அவர் இளைஞராக இருக்கமாட்டார்.

இரவலும் கயிறும்

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. இளைஞரைப் பெஞ்சில் வைத்திருப்பது பொறுமை ஆகாது, அளவீட்டையே நிறுத்திவைப்பதாகும். தன்னால் ஆட்டங்கள் தர இயலாவிட்டால், தரக்கூடிய கழகத்திற்கு அவரை இரவலாக அனுப்புவதே அறிவுடைமை. டாட்டன்ஹாம் அதைத்தான் செய்தது. 2011 முதல் 2013 வரை நான்கு கழகங்களில் கேன் ஆடிய லீக் ஆட்டங்கள் 56, கோல்கள் 14. கடைசி இரு கழகங்களை மட்டும் பார்த்தால் 16 ஆட்டங்களில் 2 கோல்தான். அதைக் கண்டு அவரை விற்றிருந்தால், பின்னாளில் அக்கழகத்திற்காக அவர் அடித்த 280 கோல்களை இழந்திருக்கும்.

ஆனால் காத்திருப்பதற்கும் விலை உண்டு. ஒப்பந்தம் முடிந்தால் ஆட்டக்காரர் விரும்பிய இடத்திற்குப் போகலாம் என்பது 1995-ஆம் ஆண்டின் போஸ்மன் தீர்ப்பினால் உறுதியாயிற்று. இன்னொரு தூண்டுதலும் உண்டு. வெளியிலிருந்து வாங்கிய வீரரின் விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பகிர்ந்து செலவெழுதுவர். சொந்தக் கழகத்தில் வளர்ந்தவருக்கு அத்தகைய செலவுக் கணக்கு இல்லாததால், விற்ற பணம் முழுவதும் இலாபமாக ஏறுகிறது. எனவே வீட்டுப் பிள்ளையை விற்கும் அவசரம் சில வேளை கணக்கேட்டிலிருந்தே பிறக்கிறது.

நடுவழி ஒன்றும் உண்டு. ரியல் மாட்ரிட் கழகம், தன் இளைஞர் அணியில் வளர்ந்த அல்வாரோ மொராட்டாவை 2014-இல் சுமார் 2 கோடி யூரோவுக்கு யுவென்டஸ் கழகத்திற்கு விற்றது. திரும்ப வாங்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டது. 2015 ஐரோப்பிய வாகையர் போட்டியின் அரையிறுதியில் இரு ஆட்டங்களிலும் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராகவே கோல் அடித்தார் அவர். 2016-இல் சுமார் 3 கோடி கொடுத்து அவரைத் திரும்ப வாங்கினர். கூடுதலான ஒரு கோடி, அளவீட்டுக்குக் கொடுத்த கட்டணம் எனலாம்.

ஆகவே நம் விடை இது: கோல் வறண்ட மாதத்தில் விடுவிக்காதீர்கள். போதிய உதைகள் கண்டபின் கீழெல்லையைத் தொட்டால் விடுவியுங்கள். இங்கும் இரவலிலும் ஆட்டங்கள் தர வழியில்லையென்றால், தொடும்வரை காத்திராமல், கயிற்றின் ஒரு நுனியைக் கையில் வைத்துக்கொண்டு விடுவியுங்கள்.

எட்டு வயதில் அளக்க முடியுமா?

ஆனால் எட்டு வயதுச் சிறுவனுக்கு எந்த விதியும் பொருந்தாது. அளக்கப்படும் பொருளே நாளும் மாறுகிறது. இங்கிலாந்தில் வயதுப் பிரிவு செப்டம்பர் முதல் தேதியில் தொடங்குகிறது. ஜூலை 28-இல் பிறந்த கேன், அதே பிரிவில் செப்டம்பரில் பிறந்தவனைவிடப் பத்து மாதங்களுக்கு மேல் இளையவன். எட்டு வயதில் பத்து மாதம் என்பது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கிற்கும் மேல்! மூத்தவனின் உயரத்தைத் திறமையென்று மயங்குவது எளிது. வார்டியை விடுவித்ததற்கும் அவர் குள்ளமாக இருந்ததே காரணமாகச் சொல்லப்பட்டது.

திரும்பி வந்து வென்ற இருவரின் கதை நமக்குத் தெரியும். விடுவிக்கப்பட்டபின் பந்தையே தொடாமற்போனவர்களின் கதை எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களுள் எத்தனை பேர் இருபது உதைகளோடு எடைபோடப்பட்டவர்களோ! குறைந்த அளவீட்டில் கிடைத்த விடை, தேர்வு மதிப்பெண்ணாயினும் கோல் கணக்காயினும், ஒரு பிள்ளையின் திறமைக்கு முடிவான தீர்ப்பாகாது. 'இன்னும் பார்க்கலாம்' என்பதும் ஒரு விடைதான் என்பதை நினைவிற் கொள்வோமாக.