மாதிரி வழக்கு விசாரணை

இன்று வாதிக்காக வழக்காடிய மாணவர் ஒருவர், நாளை அதே வழக்கில் பிரதிவாதிக்காக எழுந்து நின்றால் அதைப் பித்தலாட்டம் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால், அமெரிக்கக் கல்லூரிகளில் நடைபெறும் மாதிரி வழக்கு விசாரணைப் போட்டியின் உயிர்நாடியே அதுதான்.

நம் நாட்டுச் சட்டக் கல்லூரிகளிலும் வாதப் போட்டிகள் உண்டு. அவற்றில் பெரும்பாலும் மேல்முறையீட்டு மன்றத்தைப் போலச் சட்ட நுணுக்கங்களே பேசப்படும், சாட்சிகள் தோன்றுவதில்லை. அமெரிக்கப் போட்டியில் சாட்சிக் கூண்டே பிரதானம். கலந்துகொள்வோரும் சட்ட மாணவர் அல்லர். அந்நாட்டில் பட்டம் பெற்ற பின்னரே சட்டம் பயில்வராதலின், ரசாயனமோ சரித்திரமோ படிக்கும் இளங்கலை மாணவர்களே இதில் சேர்கின்றனர். 1985-ஆம் ஆண்டில் தோன்றிய அமெரிக்க மாதிரி விசாரணைச் சங்கம், ஆண்டுதோறும் ஒரு கற்பனை வழக்கைப் புனைந்து, சாட்சிகளின் வாக்குமூலங்களோடு எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒன்றுபோல் அளிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணிக்கு வழக்கறிஞர் மூவர், சாட்சிகள் மூவர். சுற்றுகள் நான்கு, இரண்டில் ஒரு தரப்பு, இரண்டில் எதிர்த்தரப்பு.

தன் தரப்பே நியாயம் என்று பல வாரம் நம்பி உழைத்த மாணவர், தாம் கட்டிய கோட்டையைத் தாமே இடிக்க வேண்டியவராகிறார். எந்தக் கல் தளர்ந்திருந்தது என்பது அப்போதுதான் அவருக்குப் புலப்படுகிறது. சொற்போர் மேடையில் இப்பயிற்சி இவ்வளவு கிட்டுவதில்லை என்பது என் எண்ணம். அங்கே கைதட்டலே பலவற்றை மறைத்துவிடும்.

மற்றொரு பயன் கேள்வி கேட்கும் கலை. தம் சாட்சியிடம், “அன்றிரவு என்ன கண்டீர்கள்?” என்றுதான் வழக்கறிஞர் கேட்கலாம். “அவர் கையில் கத்தி இருந்ததல்லவா?” என்று கேட்டால், எதிர்த்தரப்பினர் உடனே ஆட்சேபிப்பர். விடை கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கிறதன்றோ! குறுக்கு விசாரணையிலோ அத்தகைய கேள்விக்கு அனுமதி உண்டு. ஒரு சொல்லால் ஒருவரின் நினைவையே வளைத்துவிடலாம் என்பதையும், மெய்யான நீதிமன்றமாயின் அவ்வளைவினால் ஒருவர் சிறை செல்லவும் கூடும் என்பதையும் அம்மாணவர் கண்ணெதிரே காண்கிறார்.

மேடையில் நா எழாதவர் முதலில் சாட்சியாகச் சேரலாம். அவ்வேடமும் எளிதன்று. வாக்குமூலத்தில் இல்லாத முக்கிய செய்தி எதையும் அவர் புனைந்துரைத்தல் ஆகாது. எதிர்பாராத கேள்விக்கும் அவ்வெல்லைக்குள் நின்றே விடையிறுக்க வேண்டும். நடுவர் சாட்சிக்கும் தனியே மதிப்பெண் இடுவர். அணியின் வெற்றியை அம்மதிப்பெண்களின் கூட்டுத்தொகையே முடிவு செய்கிறது. கற்பனைப் பிரதிவாதி குற்றம் செய்தாரா இல்லையா என்பது அக்கணக்கில் சேர்வதில்லை.