‘30 நாள் முடிஞ்சா நீட்டிச்சிக்கலாம்’: ஊரிலிருந்து வரும் உறவினருக்கு ஏன் அது நடப்பதில்லை?

லாபிஸில் இருக்கும் உங்கள் வீட்டில் அண்ணிக்குக் குழந்தை பிறக்கப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணி தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். பிரசவத்துக்கு அவருடைய அம்மா வந்து கூட இருக்க வேண்டும், பத்தியச் சாப்பாடு பார்த்துக்கொள்ள வேண்டும், குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும். வீட்டில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “இப்பதான் இந்தியாக்காரங்களுக்கு விசாவே வேண்டாமே! முதல்ல வரட்டும், 30 நாள் முடிஞ்சா நீட்டிச்சிக்கலாம்.”

இதில் முதல் பாதி சரி. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்கு வந்து 30 நாள் வரை தங்கலாம். அந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நீட்டிக்கப்பட்டது சலுகைத் திட்டம்தான். வந்து இறங்கியவரின் 30 நாள் தானாக நீள்வதில்லை. பல குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இந்த இரண்டாவது பாதியில்தான்.

விசா வேறு, பாஸ் வேறு

நம் பேச்சில் எல்லாமே ‘விசா’தான். சட்டத்தில் அப்படி இல்லை.

விசா என்பது மலேசிய வாசலுக்கு வந்து கதவைத் தட்டுவதற்கான அனுமதி. அது 1966-ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டத்தோடு தொடர்புடையது. உள்ளே வந்த பிறகு எத்தனை நாள், என்ன காரணத்துக்காகத் தங்கலாம் என்பதைச் சொல்வது ‘பாஸ்’. அது 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் கீழும், 1963-ஆம் ஆண்டு குடிநுழைவு விதிமுறைகளின் கீழும் வருகிறது. உறவினரைப் பார்க்க வருபவருக்குக் கிடைப்பது சமூக வருகை பாஸ்.

ஆக, ‘விசா விலக்கு’ என்றால் கதவைத் தட்ட முன் அனுமதி வேண்டாம் என்று மட்டுமே பொருள். பாஸ் இல்லாமல் யாரும் தங்க முடியாது. விமான நிலையத்தில் அதிகாரி கொடுப்பது அந்தப் பாஸைத்தான். அதில் உள்ள தேதிதான் உங்கள் அத்தைக்குச் சட்டம்.

வருகை பாஸின் அடிப்படையே ‘வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவேன்’ என்ற உறுதிதான். நீட்டிப்புக் கேட்கும்போது அந்த உறுதியை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்கிறோம். கவுண்டரில் வரவேற்பு ஏன் அவ்வளவு சூடாக இல்லை என்பது இப்போது புரியும்.

முன்பு இப்படி இல்லையே?

தாத்தா காலத்துக் கதைகளில் இந்தச் சிக்கல் வராது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ‘ரஜுலா’ போன்ற கப்பல்களில் வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள், போனார்கள், மறுபடி வந்தார்கள். இரண்டு கரையும் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த காலம் அது. ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் தேவைப்பட்டது.

1953 ஆகஸ்டில் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்ததும் அந்தக் கதவு குறுகியது. உறவு பழையபடிதான் நீடிக்கிறது, அதற்கான தாள் மட்டும் மாறிவிட்டது. லாபிஸ், சாஆ, பெக்கோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களைச் சுற்றி வாழும் குடும்பங்களுக்கு இன்றும் தமிழ்நாட்டோடு கல்யாண உறவு இருக்கிறது. ஆனால் சட்டத்தின் பார்வையில் அத்தையும் ஒரு சுற்றுப்பயணிதான்.

30 நாள் எங்கே முடிகிறது? ஒரு சின்னக் கணக்கு

பிரசவத் தேதி ஏப்ரல் 10 என்று மருத்துவர் சொல்கிறார். “முன்கூட்டியே வந்துடட்டும்” என்று ஏப்ரல் 1-க்கு டிக்கெட் போடுகிறீர்கள். வந்த நாளையும் சேர்த்து எண்ணினால் 30-ஆவது நாள் ஏப்ரல் 30. குழந்தையோ ஒரு வாரம் தாமதமாக, ஏப்ரல் 17-ஆம் தேதி பிறக்கிறது.

அத்தைக்கு மிச்சம் 13 நாள். தமிழ் வீடுகளில் 40 நாள் கணக்கு, மலாய் வீடுகளில் 44 நாள். எந்தக் கணக்குப்படி பார்த்தாலும், அண்ணிக்கு உதவி அதிகம் தேவைப்படும் நேரத்தில் அத்தை விமானம் ஏற வேண்டியிருக்கும்.

இன்னொரு தவறும் நடக்கிறது. ‘ஒரு மாதம்’ என்று நினைத்து, மே 1-ஆம் தேதிக்குத் திரும்பும் டிக்கெட் வாங்கிவிடுகிறார்கள். ஒரு நாள்தானே என்று தோன்றும். சட்டத்துக்கு ஒரு நாளும் அத்துமீறல்தான். விரல் விட்டு எண்ணாதீர்கள். அதிகாரி கொடுத்த தேதியைப் படம் எடுத்து, வீட்டில் எல்லாருடைய கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

நீட்டிப்பு கிடைக்கவே கிடைக்காதா?

கிடைக்கலாம், ஆனால் அது விதிவிலக்கு. கடுமையான நோய், விபத்து, சொந்த நாட்டில் போர் போன்ற, நம் கையில் இல்லாத காரணங்களுக்காக ஏற்பட்ட வழி அது. “பேரனை இன்னும் கொஞ்ச நாள் பார்க்கணும்” என்பது மனிதருக்குப் புரியும். அந்தப் பட்டியலில் அது சேருவது கடினம்.

கேட்பதாக இருந்தால் பாஸ் முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும். ஐஎம்எம் 55 பாரம், கடப்பிதழ், திரும்பும் டிக்கெட், காரணத்தை விளக்கும் கடிதம், அதற்கான ஆதாரம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். உடல்நலக் காரணம் என்றால் மருத்துவமனைக் கடிதம் வேண்டும். வரச்சொன்ன மலேசியரும் கூடப் போவது நல்லது.

லாபிஸில் இருப்பவர்களுக்கு இதில் தூரமும் ஒரு செலவு. பக்கத்தில் இருப்பது சிகாமட். அங்கே முடியாத வேலைக்கு, மாநிலத் தலைமை அலுவலகம் இருக்கும் ஜொகூர் பாருவின் செத்தியா ட்ரோப்பிக்கா வரை நீண்ட தூரம் போக வேண்டும். ஒரு தாள் குறைந்தால் அந்த நாள் சம்பளமும் போய்விடும். அதனால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன், உங்கள் விஷயத்தை எந்த அலுவலகம் பார்க்கும், முன்பதிவு தேவையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அண்ணிக்கு மட்டும் நீண்ட பாஸ் எப்படிக் கிடைத்தது?

அண்ணியின் கணவர் மலேசியர். வெளிநாட்டு வாழ்க்கைத் துணைக்கு என்று நீண்டகால சமூக வருகை பாஸ் இருக்கிறது. அதைப் புதுப்பித்துக்கொண்டே தங்கலாம். ஆனால் அது கணவன்-மனைவி உறவுக்காக வைத்த வாசல். மாமியாருக்கு அது தானாகத் திறக்காது.

பணம் இருந்தால் ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ திட்டம் இருக்கிறது. 2024 விதிகளின்படி அதன் வெள்ளிப் பிரிவுக்கே 150,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை வேண்டும். வேலைக்கு வந்தால் வேலை பாஸ், படிக்க வந்தால் மாணவர் பாஸ். மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் வந்து இருக்க நினைக்கும் ஒரு தாய்க்கு இந்த வரிசையில் தெளிவான இடம் இல்லை. குடும்பங்களின் எரிச்சலுக்கு அடிக்காரணம் இதுதான். அதிகாரியிடம் சண்டை போட்டு அதை மாற்ற முடியாது.

‘சிங்கப்பூர் போயிட்டு வந்தா புது 30 நாள் கிடைக்குமே?’

ஜொகூர்க்காரர்களிடம் அதிகம் கேட்கும் யோசனை இது. நமக்கு சிங்கப்பூர் ஒரு பேருந்து தூரம். ஆனால் இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவருக்கு சிங்கப்பூர் போக விசா வேண்டும். நம் கடப்பிதழோடு அதை ஒப்பிடக் கூடாது.

வேறு நாட்டுக்குப் போய்விட்டு உடனே திரும்பினாலும், புதுப் பாஸ் கொடுப்பதா வேண்டாமா என்பது எல்லையில் இருக்கும் அதிகாரியின் முடிவு. “போன வாரம்தான் 30 நாள் இருந்துட்டுப் போனீங்க, மறுபடி எதுக்கு?” என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால், அறுபது வயது அம்மா ஒருவர் தனியாக விமான நிலையத்தில் நிற்பார். அவரை அந்த நிலையில் நிறுத்தும் யோசனையைத் தவிர்ப்பதே நல்லது.

தேதி தாண்டினால் என்ன ஆகும்?

குடிநுழைவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி, பாஸ் முடிந்தும் தங்குவது குற்றம். 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மறுபடி மலேசியாவுக்குள் வரத் தடையும் வரலாம். அப்படி நடந்தால் அடுத்த பேரப்பிள்ளையைப் பார்க்க வருவதும் கேள்விக்குறி.

அவருக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரரும் தப்ப முடியாது. பாஸ் இல்லாத வெளிநாட்டவரைத் தெரிந்தே தங்கவைப்பதும் அதே சட்டத்தில் குற்றம்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. வருகை பாஸில் இருப்பவர் வேலை செய்யக் கூடாது. “சும்மா இருக்காங்களே, நம்ம கடையில கொஞ்சம் காய் நறுக்கட்டும்” என்று உணவகத்தில் நிறுத்தினால், பாஸைத் தவறாகப் பயன்படுத்திய குற்றம் ஆகலாம். சோதனைக்கு வரும் அதிகாரி ‘சொந்தக்காரங்கதான்’ என்ற பதிலைத் தினமும் கேட்பவர்.

அவ்வப்போது அரசாங்கம் தாயகம் திரும்பும் திட்டங்களை அறிவிக்கும். 2024 மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை நடந்த திட்டத்தில், பாஸ் காலாவதியானவர்கள் 500 வெள்ளி அபராதம் கட்டி நாடு திரும்ப முடிந்தது. ஆனால் அவை தற்காலிகமானவை. வந்தாலும் வரும், வராமலும் போகும்.

பெருந்தொற்றுக் காலத்திலும் இதே கதைதான். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, பாஸ் முடிந்த நிலையில் பல சுற்றுப்பயணிகள் இங்கே சிக்கிக்கொண்டார்கள். விமானமே இல்லாததால், தண்டனை இல்லாமல் பின்னர் வெளியேற அவகாசம் கொடுக்கப்பட்டது. உலகமே நின்றதால் கிடைத்த சலுகை அது. டிக்கெட் விலை ஏறிவிட்டது என்பதற்கு அப்படி ஒன்று கிடைக்காது.

நீங்கள் இந்தியா போனால்?

இதே பொறி அங்கேயும் இருக்கிறது. 30 நாள் இ-சுற்றுலா விசாவை அங்கே போய் நீட்டிக்க முடியாது. ஓராண்டு, ஐந்தாண்டு இ-சுற்றுலா விசாக்களும் உண்டு. ஆனால் ஐந்தாண்டு விசா என்றால் ஐந்தாண்டு தங்கலாம் என்று அர்த்தம் இல்லை. மலேசியர்கள் ஒரு தடவைக்குத் தொடர்ந்து 90 நாள் வரைதான் இருக்கலாம். விசா எத்தனை ஆண்டு செல்லும் என்பது ஒரு கணக்கு, ஒரு பயணத்தில் எத்தனை நாள் தங்கலாம் என்பது இன்னொரு கணக்கு.

தாண்டிவிட்டால், வெளியேறும் முன் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திடம் அனுமதி பெற வேண்டியிருக்கும். சென்னையில் அது நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் இந்தியாவிலும் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்பில் உள்ளது. அதிகத் தங்கலுக்கு 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அது சொல்கிறது.

அடிக்கடி போகிறவர்களுக்கு இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை நிரந்தரத் தீர்வு. ஆனால் முன்னோர் இந்தியாவில் பிறந்ததற்கு ஆதாரம் வேண்டும். தாத்தாவின் பழைய கடப்பிதழோ பிறப்புப் பத்திரமோ வீட்டில் இருந்தால் இப்போதே பத்திரப்படுத்துங்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது?

நீட்டிப்பு கிடைக்காது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். பாதிக் கஷ்டம் அங்கேயே தீரும்.

● வரும் தேதியைத் தள்ளிப் போடுங்கள். விசா தேவையில்லாததால் கடைசி நேரத்திலும் கிளம்பலாம். திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. மேலே சொன்ன கணக்கில், அத்தை குழந்தை பிறந்த பிறகு கிளம்பினால், அந்த 13 நாள் ஏறக்குறைய முழு 30 நாளாகிவிடும்.

● முறை வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள் இங்கே இருக்கும் அம்மா, பிறகு ஊரிலிருந்து வரும் அத்தை. இரண்டு பாட்டிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

● நீண்ட நாள் தேவை என்றால் புறப்படும் முன் கேளுங்கள். சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது. இங்கே வந்து இறங்கிய பிறகு கேட்பதைவிட அங்கே முன்கூட்டியே கேட்பது நல்லது.

● வருகை அட்டையை மறக்க வேண்டாம். 2024 ஜனவரி 1 முதல் மலேசிய மின்னியல் வருகை அட்டை கட்டாயம். வருவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசாங்கத் தளம் அல்ல.

● காப்புறுதி எடுங்கள். அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். அத்தை வழுக்கி விழுந்தால், பில்லும் பாஸும் ஒரே நாளில் பிரச்சினை ஆகும்.

● ‘உள்ளே ஆள் இருக்கு’ என்பவரிடம் கடப்பிதழைக் கொடுக்காதீர்கள். போலி முத்திரையோடு பிடிபட்டால், முகவர் அங்கே இருக்க மாட்டார். பதில் சொல்ல வேண்டியது அத்தைதான்.

விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் வாங்கும் நாளன்று குடிநுழைவுத் துறையின் அதிகாரப்பூர்வ அறிவிப்பை ஒரு தடவை பாருங்கள். வீட்டில் மலாயும் ஆங்கிலமும் சரளமாகப் படிப்பவர் பெரும்பாலும் நீங்கள்தான். பெரியவர்கள் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி முடிவு எடுப்பதற்குள், அந்தப் பத்து நிமிட வேலையை நீங்கள் செய்துவிடுங்கள்.